நாற்பதடிப் பேனர்

"எம்மா, இந்தக் கட்டடம் எங்க விழுந்துச்சு? மேலெல்லாம் இம்புட்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கு?"

சித்தையன்கோட்டையிலிருந்து குத்துவிளக்கு வாங்க வந்த ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, திண்டுக்கல் கடைவீதியின் நடுவில் நின்று ஒரு சிறுமி போன வருஷம் இப்படிக் கேட்டாள். அது பாத்திரக்கடை முருகேசனின் காதில் விழுந்தது. "விழலடா கண்ணு, வளந்திருக்கு. அம்புட்டும் போர்டு" என்று சொல்லி, பிள்ளைக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை இனாமாகக் கொடுத்தார். அந்த டம்ளரிலும் கடையின் பெயர் பொறித்திருந்தது.

முருகேசன் கெட்டவர் இல்லை. கோடையில் கடை வாசலில் மோர்ப்பந்தல் போடுவார். மோர் ஒரு பானைதான் இருக்கும். அதற்கு மேலே, கைகூப்பிய அவர் படத்தோடு பேனர் பன்னிரண்டு அடி இருக்கும். தாகத்தோடு வருகிறவன் முதலில் அவர் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் மோருக்குக் குனிய வேண்டும். நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது. செய்தது தெரிய வேண்டும் என்ற ஆசை அதைவிட நாலு விரற்கடை உயரமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் கடை இருந்தது ஹாமித் ராவுத்தர் கட்டடத்தில். அந்தக் கட்டடத்தைத் தெரியாதவர் கடைவீதியில் கிடையாது. பார்த்தவர்கள்தான் குறைவு. தோல் வியாபாரத்தில் சம்பாதித்த ராவுத்தர் 1926இல் ஆசை ஆசையாகக் கட்டியது. கீழே கடைகள், மாடியில் தெருவைப் பார்த்து நீளமான வராந்தா, வராந்தாவுக்கு மரக் கைப்பிடி, வளைவுக்கு வளைவு சுதையில் செய்த திராட்சைக் கொடி. அவருடைய வாரிசுகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். வாடகை அவர்களுக்குப் போனது. சுவர் வாடகைக்காரர்களிடம் வந்தது.

முதலில் முருகேசன் எட்டடியில் ஒரு போர்டு வைத்தார். பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டித்தான் திறந்தார். பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் இஷாக் பாய் பத்தடியில், எரிந்து எரிந்து அணையும் விளக்குகளோடு ஒன்று வைத்தார். முருகேசன் அதற்கு மேலே பன்னிரண்டு அடியில் வைத்தார். போர்டைத் தாங்கும் இரும்புக் கொக்கியைத் திராட்சைக் குலைக்குள் துளை போட்டு முறுக்கினார்கள். குலையிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. "பழம் உதிருது பாய்" என்று முருகேசன் சிரித்தார். "ஒங்க குலையில உதிருதுண்ணே, ஏங்குலை கெட்டியாத்தான் இருக்கு" என்றார் இஷாக். மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் முகேஷ்குமார் என்ற இளைஞர், தெருவின் இரண்டு பக்கமிருந்தும் தெரியட்டும் என்று கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு போர்டை வைத்தார். மழை பெய்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீர் நேராக நடப்பவர் பிடரியில் விழும்.

இவ்வளவுக்கும் நடுவே, மாடி வராந்தாவில் நாலடி இடைவெளி ஒன்று மட்டும் மூடாமல் கிடந்தது. அது யாருடைய கருணையாலும் அல்ல. அந்த நாலடி தன் கடைக்கு மேலே வருகிறது என்று முருகேசனும், தன் கடைக்கு மேலே வருகிறது என்று இஷாக்கும் ஆறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையின் புண்ணியத்தில் புவனேஸ்வரிக்கு வெளிச்சம் கிடைத்துக்கொண்டிருந்தது.

புவனேஸ்வரி எரியோட்டிலிருந்து வந்தவள். மாடியில் ஒற்றை அறையில் தையல் மெஷின் போட்டு, ரவிக்கையும் பாவாடை சட்டையும் தைத்துக்கொடுப்பவள். அவளுக்கு போர்டு கிடையாது. ஜன்னலுக்கு நேரே, வராந்தாக் கைப்பிடியில், குழந்தைக்குத் தைத்த பட்டுப்பாவாடை ஒன்றைத் தொங்கவிடுவாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வேறு நிறம் மாற்றுவாள். கீழே போகும் பெண்கள் அண்ணாந்து பார்த்து, "பாவாடை தொங்குது, அக்கா இருக்கு" என்று படியேறுவார்கள். நூலுக்கும் துணிக்கும் நிறம் பொருத்துவதில் அவள் கை பேர்போனது. டியூப்லைட்டில் நிறம் பொய் சொல்லும் என்பாள். துணியையும் நூல்கண்டையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பிடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் ஊசியில் நூல் ஏறும்.

கட்டடத்துக்கு நூறு வயசு ஆகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் முகேஷ்குமார்.

"காரைக்குடியில பழைய வீட்டப் பாக்க வெளிநாட்டுக்காரன் காசு குடுத்து வாரான். நம்மகிட்டயும் ஹெரிடேஜ் இருக்கு. நாமதான் சொல்லல" என்றார்.

உடனே நூற்றாண்டு விழாக் குழு அமைந்தது. இஷாக் தலைவர், முருகேசன் செயலாளர், முகேஷ்குமார் பொருளாளர். குழுவில் மொத்தம் மூன்று பேர் என்பதால் பதவிக்குச் சண்டை வரவில்லை. புவனேஸ்வரியையும் சேர்க்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. "அதுக்குத்தான் போர்டே இல்லையே" என்றார் இஷாக். அது நியாயமாகவே எல்லோருக்கும் பட்டது.

விழாவுக்கு பேனர் வேண்டும். பேனரில் கட்டடத்தின் படம் வேண்டும். எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் படத்தில் போர்டுகள்தான் விழுந்தன. முகேஷ்குமார் இரண்டு நாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எல்லா போர்டையும் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார். மூன்றாம் நாள் டீக்கடையில் செல்போனை நீட்டியபோது மற்ற இருவரும் வாய் பிளந்தார்கள். வளைவுகளும் கொடியும் மரக் கைப்பிடியுமாகக் கட்டடம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

"அடடா! நம்ம பில்டிங்கா இது?" என்றார் முருகேசன். அவர் கண் லேசாகக் கலங்கியது.

பேனர் கட்ட வந்திருந்த அய்யனார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ஏண்ணே, போர்டக் கழட்டுனாலே இது தெரியுமேண்ணே?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "ஏலே, நீ பேனர் கட்ற வேலையப் பாரு" என்றார் இஷாக்.

"இங்கன தையக்கார அக்கா பாவாடை தொங்குமே, காணாமே?" என்றான் அவன் விடாமல்.

"ஏதோ ஈரத்துணின்னு நெனச்சு அதையும் தொடச்சிட்டேன்" என்றார் முகேஷ்குமார்.

பேனர் நாற்பதடி நீளம், பதினைந்தடி உயரம். மாடியின் முகப்பு முழுவதற்கும் ஒரே பேனர். அதில் கட்டடத்தின் படம். படத்துக்கு மேல் "நூறாண்டு காணும் நம் பாரம்பரியம்" என்ற எழுத்து. படத்துக்கு முன்னால் சிறப்பு விருந்தினர், தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் சிரித்த முகங்கள். ராவுத்தருக்குப் பழைய போட்டோ எதுவும் அகப்படாததால் முகேஷ்குமாரே கம்ப்யூட்டரில் ஒரு தொப்பிக்காரப் பெரியவரை உண்டாக்கி, தபால்தலை அளவில் மூலையில் வைத்திருந்தார். கட்டடத்தின் மேல் கட்டடத்தின் படத்தைக் கட்டி, கட்டடத்தை முழுசாக மூடினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்னா அழகு! இப்படி ஒரு கட்டடம் எந்த ஊர்ல இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். வத்தலக்குண்டிலிருந்து சரக்கெடுக்க வந்த வியாபாரி.

இடைவெளிச் சண்டையும் அன்றோடு தீர்ந்தது. அந்த நாலடிக்கு நேரே முருகேசனின் முகம் வந்திருந்தது.

விழா அன்று மாலை நாலரைக்கு முருகேசன் சந்தன நிறப் பட்டுச் சட்டையில் தெருவில் நின்று, பேனரின் இடது மூலை தொங்குகிறது என்று அய்யனாரை விரட்டிக்கொண்டிருந்தார். "மேல! இன்னும் மேல! ஒரு சாண் மேல ஏத்துடா அப்பு!" என்று கையைத் தூக்கிக் காட்டியபோது, சர்ரென்று ஒரு சத்தம். அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் விட்டுவிட்டது.

விருந்தினர் வர இருபது நிமிஷம் இருந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. விலாவை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இஷாக்கின் கண்ணில் படாமல், முருகேசன் மாடிப்படி ஏறினார். விழாவுக்குக் கட்டிய சீரியல் விளக்குகள் இழுத்த இழுப்பில் மாடியில் கரண்ட் போயிருந்தது. படிக்கட்டே தெரியவில்லை. அறை வாசலில் நின்று, "ஆத்தா, இருக்கியா?" என்றார்.

"வாங்கண்ணே. பாத்து, கால்ல துணி தட்டும்."

புவனேஸ்வரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கினாள். நாலைந்து நூல்கண்டுகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இங்க எது சந்தனம், எது மஞ்சள்னு தெரியாதுண்ணே. கீழ கொண்டுபோயி வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன்."

"யாராச்சும் கேட்டா..."

"முந்தானைக்குள்ள வச்சுக்கிறேன். நீங்க உக்காருங்க."

அவள் இறங்கிப் போனாள். முருகேசன் பனியனோடு இருட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். காற்றே இல்லை. புழுங்கியது. கண் பழகியதும் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவும், வராந்தாவை அடைத்துக்கொண்டு பேனரின் முதுகும் தெரிந்தன. சாய்ந்த வெயில் அதன் மேல் விழுந்திருந்ததால் வெள்ளை முதுகில் மங்கலாக ஓர் உருவம் கசிந்தது. வகிடு வலது பக்கம் மாறி, மீசை பழுப்பேறி, பூதம்போல ஒரு முகம் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சிரித்தது. அது யார் என்று புரிய அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. இந்தப் பெண் இரண்டு நாளாக இந்தச் சிரிப்புக்கு எதிரில் உட்கார்ந்துதான் தைத்திருக்கிறாள்.

மெஷின் பலகையில் ஒரு ரவிக்கை கிடந்தது. விரலால் தடவிப் பார்த்தார். தைத்ததைப் பாதி பிரித்திருந்தது.

புவனேஸ்வரி மூச்சு வாங்க ஏறி வந்தாள். செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு கையாலேயே தைக்க ஆரம்பித்தாள்.

"அந்த ரவிக்கை என்னாத்தா ஆச்சு?" என்றார் முருகேசன். ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது.

விளக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "மயில்கழுத்து நெறத்துக்குப் பச்சை நூலப் போட்டுட்டேண்ணே. கல்யாண ரவிக்கை. அவுக வாங்கிப் பாத்துட்டு மூஞ்சில எறியாத கொறைதான்." கோபமாகச் சொல்லவில்லை. "பாவாடையும் தெரியலையா, நான் காலி பண்ணிட்டுப் போயிட்டேன்னு நெனச்சு நாலு பேரு வேற கடைக்குப் போயிட்டாக. நெசமாவே இந்த மாசத்தோட காலி பண்ணிரலாம்னு பாக்குறேன். எரியோட்டுக்கே போயி வீட்ல வச்சுத் தைக்க வேண்டியதுதான். ஆனா அங்க யாரு பட்டு தைக்கக் குடுக்கா?"

கீழேயிருந்து இஷாக்கின் குரல் மைக்கில் கேட்டது. "செயலாளர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்! செயலாளர்!"

"இந்தாங்கண்ணே, முடிஞ்சிருச்சு." பல்லால் நூலைக் கடித்துவிட்டு, சட்டையை உதறி, அவர் போட்டுக்கொண்டபோது காலரையும் இழுத்துச் சரிசெய்தாள். முருகேசன் பையில் கை விட்டார்.

"ஒரு தையலுக்கு என்னண்ணே காசு. போங்க, குத்துவெளக்கு ஏத்த நேரமாச்சு."

மேடையில் அவருக்குத்தான் அதிகக் கைதட்டல் கிடைத்தது. சிறப்பு விருந்தினர், "செயலாளர் அவர்கள் இந்தக் கட்டடத்துக்கே ஒரு வெளிச்சம்" என்று பேசினார். பேச்சுக்கு இடையே பட்டுச் சட்டையையும் பாராட்டினார். முருகேசன் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தையல் எது என்று விரலுக்கே அகப்படவில்லை.

அதற்குப் பிறகும் பேனரை அவிழ்க்கவில்லை. "காசு போட்ருக்கோம்ல, ரெண்டு மாசமாச்சும் கெடக்கட்டும்" என்பது குழுவின் முடிவு. ஆடி பிறந்தது. மலைப்பக்கத்திலிருந்து காற்று கிளம்பி, பேனர் பாய்மரம் மாதிரி உப்பி உப்பி அடித்தது. அய்யனார் டீக்கடைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, காத்துப் போறதுக்கு அங்கங்க வெட்டி விடணும். எல்லாப் பேனருக்கும் செய்யறதுதான். நீங்க அன்னிக்கு வேண்டாம்னுட்டீங்க. இப்பிடியே விட்டா சட்டத்தோட பேத்துக்கிட்டு எவன் தலையிலயாச்சும் விழும்."

"வெட்டு. ஏம்மூஞ்சிய விட்டுட்டு வெட்டு" என்றார் இஷாக்.

"நம்ம எழுத்துல கை வைக்காதீங்க. ஸ்பெல்லிங் போயிரும்" என்றார் முகேஷ்குமார். விருந்தினர் முகத்தில் வைத்தால் அரசியல். கட்டடத்தின் படத்தில் வைத்தால் பாரம்பரியம் கெட்டுவிடும். கடைசியில் இஷாக்குக்கு ஒரு யோசனை வந்தது. "ராவுத்தர் படத்துல போட்ருடா. அவரா வந்து கேக்கப் போறாரு?"

"அது தம்மாத்துண்டுண்ணே. ஈ போற அளவுதான் வெட்டலாம்." அய்யனார் தலையைச் சொறிந்தான். "தையக்கார அக்கா ஜன்னலுக்கு நேரா பெருசா ஒண்ணு வெட்டுனா காத்தும் போகும், அதுக்கும் வெளிச்சம் கெடைக்கும். ஆனா அங்கன..."

மற்ற மூன்று பேரும் முருகேசனைப் பார்த்தார்கள்.

"என்ன செயலாளரே, மூஞ்சியக் குடுக்கறீங்களா?" இஷாக் டீயை உறிஞ்சினார். "மோர் குடுத்த கைதானே?"

முருகேசனுக்கு வாய் வரைக்கும் வந்தது. வெட்டுடா என்று ஒரு சொல். அந்த இருட்டு அறையும், பிரித்துப் போட்ட ரவிக்கையும் கண்ணெதிரில் வந்தன. ஆனால் இஷாக் சிரித்துக்கொண்டிருந்தார். டீ மாஸ்டரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலாம்" என்றார் முருகேசன்.

அந்த ஊரில் மாட்டேன் என்பதற்கு மரியாதையான சொல் அது. அய்யனார் போய்விட்டான். அன்று ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் நின்றபோது முருகேசனுக்கு வழக்கமான பிரார்த்தனை வரவில்லை. நெற்றியில் திருநீறு பூசக் கையைத் தூக்கினால், அந்த நாலடி முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்கு விடுமுறை. மதியம் இரண்டு மணிக்கு, சோறு தின்ற ஊர் முழுக்கப் படுத்திருந்த நேரத்தில், "சரக்குப் பாக்கணும்" என்று வீட்டில் சொல்லிவிட்டு முருகேசன் வந்தார். கடையைத் திறக்கவில்லை. மாடிப்படிச் சாவி செயலாளரிடம்தான் இருந்தது. அட்டைப்பெட்டி பிரிக்கும் கத்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

வராந்தாவில் சுவருக்கும் போர்டுகளின் முதுகுக்கும் இடையில் ஒடுங்கி நடந்து, அறையின் ஜன்னலுக்கு நேரே போய் நின்றார். ஜன்னல் கதவைப் புவனேஸ்வரி சாத்தவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் மெஷின், துணி போர்த்தி, இருட்டில் கிடந்தது. ஓரமாக இரண்டு மூட்டைகள் கட்டி வைத்திருந்தாள்.

முதலில் கழுத்துக்குக் கீழேதான் வெட்டினார். சால்வையும் சட்டைப் பொத்தானும் போயின. வெயில் வராந்தாத் தரையில் விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. போதும் என்று ஒரு மனசு சொன்னது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் மாறவில்லை.

மோவாயை வெட்டினார். வெளிச்சம் சுவரில் ஏறியது. வாயை வெட்டினார், சிரித்த பல்வரிசை இரண்டாகி, ஒரு பாதி காற்றில் துடித்தது. ஜன்னல் விளிம்பு வெளுத்தது. மீசைக்கு வந்தபோது கை நின்றது. நல்ல மீசை. போட்டோக்காரர் அதற்கென்றே தனியாக மை ஏற்றியிருந்தார். கண்ணை மட்டுமாவது விட்டுவைக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த யோசனை அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்படுவதைப் பார்க்க யாரும் இல்லாததால், தயங்காமல் வெட்கப்பட்டார்.

மூக்கு, கண், புருவம். கடைசியாகத் திருநீறு பூசிய நெற்றி. "மன்னிச்சுக்க" என்று முணுமுணுத்தார். அது சாமிக்கா, அந்தப் பெண்ணுக்கா என்று அவருக்கே தெரியவில்லை. கத்தி மேல்விளிம்பு வரை ஏறியது. ஓரங்களைக் காற்று கிழித்ததுபோல இருக்கட்டும் என்று கையாலும் பிய்த்து இழுத்தார். உப்பிக் கிடந்த பேனர் ஒரு பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது. காற்று அவர் மேல் மோதி, கம்பிகளுக்கு இடையே புகுந்து, அறைக்குள் போனது. மெஷினைப் போர்த்தியிருந்த துணி நழுவியது.

ஊசி மினுங்கியது. பலகையில் அடுக்கியிருந்த நூல்கண்டுகள் ஒவ்வொன்றும் தன் தன் நிறத்துக்குத் திரும்பின. மயில்கழுத்து நிறத்துக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கே இங்கிருந்து தெரிந்தது.

வெட்டிய துண்டுகளை முகம் உள்பக்கமாக வரும்படி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். படி இறங்கி, பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தெருவில் ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. அது தலையைத் தூக்கவில்லை. முருகேசன் செருப்பு சத்தம் கேட்காமல் அதைத் தாண்டி நடந்தார்.